ஊர் வீட்டுக்கு நேரே ஒரு பூஜ்யம்

மேடவாக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அதையும், ஆளைக் காட்டிக்கொடுக்கும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். வயது 37. ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை, கைக்கு வருவது 78,000 ரூபாய். கணவர் லிஃப்ட் மெக்கானிக், 34,000. ஆறாவது படிக்கும் மகள், ஒன்றாவது படிக்கும் மகன். இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு வாடகை 21,000, பராமரிப்பு 2,000. மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிறது. அதற்குப் பிறகு 24,000 தரவேண்டும், இல்லையென்றால் காலி செய்யலாம் என்று ஹவுஸ் ஓனர் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்.

அன்று இரவே கணவர் ஊர்ப் பேச்சை எடுத்திருக்கிறார். மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே ஐந்து சென்ட்டில் மாமனார் கட்டிய ஓட்டு வீடு. மாமனார் 2014-இல் காலமானார். மாமியாருக்கு 71 வயது, தனியாக இருக்கிறார். நாத்தனார்கள் இருவர். மூத்தவர் சிங்கப்பூரில், இளையவர் நீடாமங்கலத்தில். ஓட்டு வீட்டை இடித்துவிட்டு 1,100 சதுர அடியில் புது வீடு கட்டக் கொத்தனார் சொன்ன கணக்கு 25 லட்சம். "பெரும்பாக்கத்தில் ஒரு ஃபிளாட் 72 லட்சம் சொல்றான். அந்தக் காசுல ஊர்ல மூணு வீடு கட்டலாம்" என்கிறார் கணவர். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், பிரச்சினை இல்லை என்று மேனேஜர் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். இடம் நத்தம் (கிராமக் குடியிருப்பு நிலம்), பட்டா இன்னும் மாமனார் பெயரில். அதனால் பாங்க் வீட்டுக் கடன் தரவில்லை. ஆகவே சேமிப்பு 9 லட்சம், நகையை வைத்து 4 லட்சம், வாசகி பெயரில் பர்சனல் லோன் 12 லட்சம் என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். "வாடகை கொடுத்தே அழிவதா, ஃபிளாட் வாங்குவதா, ஊருக்கே போய்விடுவதா, எது மலிவு?" என்பது அவர் கேள்வி.

அன்புள்ள சகோதரி,

கடிதத்தோடு ஒரு நோட்டுப் புத்தகத் தாளையும் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். நடுவில் கோடு, இடது பக்கம் 'சென்னை', வலது பக்கம் 'ஊர்'. சென்னைப் பக்கத்தில் பதினேழு வரிகள். தண்ணீர் கேன், ஸ்கூல் வேன், இரண்டு வண்டிக்குப் பெட்ரோல், ஞாயிற்றுக்கிழமை மால் வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள். ஊர்ப் பக்கத்தில் நான்கே வரிகள். 'கரண்ட் 800. அரிசி நம்ம வயல். பால் பக்கத்து வீட்டு மாடு.' முதல் வரியில் 'வீடு 0' என்று எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்திருக்கிறீர்கள்.

அந்தப் பூஜ்யத்தைப் பற்றித்தான் இந்தப் பதிலில் பெரும்பாலும் பேசப்போகிறேன்.

பூஜ்யத்துக்குள் என்ன இருக்கிறது

சிமென்ட் மூட்டையும் கம்பியும் மன்னார்குடிக்குப் போனதால் விலை குறைந்துவிடுவதில்லை. எம்-சாண்டும் ஜல்லியும் டெல்டாவில் கிடைக்கிற பொருள் இல்லை. புதுக்கோட்டை, திருச்சிப் பக்கமிருந்து லாரியில் வரவேண்டும். அந்த லாரி வாடகையும் உங்கள் கணக்கில்தான். கூலி கொஞ்சம் குறையலாம். ஆனால் டெல்டாவின் களிமண் வெயிலில் வெடிக்கும், மழையில் உப்பும். அதற்கு அஸ்திவாரம் ஆழமாகப் போடவேண்டும். கொத்தனார் சொன்ன 25 லட்சத்தில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஆக, சென்னைக்கும் ஊருக்கும் வீட்டு விலையில் தெரிகிற அந்தப் பெரிய வித்தியாசம் செங்கல்லிலோ சிமென்டிலோ இல்லை, மண்ணில் இருக்கிறது. ஃபிளாட்டின் 72 லட்சத்தில் மண்ணுக்கும் விலை போட்டிருக்கிறார்கள். ஊர் வீட்டின் 25 லட்சத்தில் மண் இலவசம் என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அது இலவசமா என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

முதலில் மாதக் கணக்கு. பர்சனல் லோன் 12 லட்சம், 13 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்று எழுதியிருக்கிறீர்கள். தவணை மாதம் 27,300 ரூபாய். இதுவே இன்றைய உங்கள் வாடகையைவிட அதிகம், ஹவுஸ் ஓனர் கேட்கிற புது வாடகையைவிடவும் அதிகம். நகைக் கடன் 4 லட்சத்துக்கு ஒன்பது சதவீதம் என்றால் வட்டி மட்டும் மாதம் 3,000. சேமிப்பு 9 லட்சத்தை எடுத்துவிட்டால் அது டெபாசிட்டில் ஈட்டிக்கொண்டிருந்த வட்டி போகும். ஆறரை சதவீதம் என்று வைத்தாலும் மாதம் 4,900 போல. கூட்டினால் 35,000. நீங்கள் பூஜ்யம் போட்ட இடத்தில் இருப்பது இந்தத் தொகை.

ஐந்து வருடம் கழித்துத் தவணை முடிந்துவிடும், வீடு நிற்கும். அதை நான் மறுக்கவில்லை. அந்த ஐந்து வருடத்தை எந்த வருமானத்தில் ஓட்டுவீர்கள் என்பதுதான் கேள்வி. கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன விஷயம் ஒன்று உண்டு. உங்கள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அந்தக் கிராமத்தில் லிஃப்ட் கிடையாது. மன்னார்குடியில் சில ஆஸ்பத்திரிகளிலும் ஜவுளிக் கடைகளிலும் இருக்கலாம், ஒரு ஆளுக்கு மாதச் சம்பளம் வருகிற அளவுக்கு இருக்குமா என்பது சந்தேகம். "ஹார்டுவேர் கடை போடலாம்னு இருக்கார்" என்கிறீர்கள். கடைக்கு முதல் எங்கே? சேமிப்பு முழுவதும் சுவருக்குள் போய்விட்ட பிறகு?

உங்கள் வேலையையும் மேனேஜரின் வாய் வார்த்தையை நம்பி மாற்றாதீர்கள். வேலை செய்யும் இடம் வீடுதான் என்று எச்.ஆரிடமிருந்து எழுத்தில் வரவேண்டும். இடம் மாறினால் சம்பளம் மாறுமா, மாதம் எத்தனை நாள் அலுவலகம் வரவேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். மேனேஜர்கள் மாறுவார்கள். புது மேனேஜர் வாரம் மூன்று நாள் வரச் சொன்னால் நீங்கள் மன்னை எக்ஸ்பிரஸில் எழும்பூர் வந்து லேடீஸ் ஹாஸ்டலில் தங்க வேண்டியிருக்கும். அப்போது ஊரில் ஒரு வீட்டுத் தவணை, சென்னையில் ஒரு கட்டில் வாடகை என்று இரண்டு செலவு.

இந்த 35,000-ஐக் கழித்துவிட்டு, உங்கள் சம்பளத்தை மட்டும் வைத்து வலது பத்தியை மறுபடி எழுதிப் பாருங்கள். இரண்டு பத்திகளுக்கும் நடுவில் நீங்கள் பார்த்த பள்ளம் பெரும்பாலும் தூர்ந்துவிடும்.

உங்கள் காசு, யாருடைய மண்?

நான் வக்கீல். கணக்குப்பிள்ளை வேலை மேலே முடிந்தது. இனி என் வேலை.

"நாத்தனார்களுக்குச் சீர் செய்து கட்டிக்கொடுத்தாகிவிட்டது, அவர்களுக்கு இதில் பங்கு இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இருபது வருடத்துக்கும் மேலாக என் மேஜைக்கு வருகிற பாகப் பிரச்சினைகளில் பாதி இந்த ஒரு வாக்கியத்தில்தான் ஆரம்பிக்கிறது. சீர் வேறு, பங்கு வேறு. உங்கள் மாமனார் தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு, உயில் எழுதாமல் இறந்தார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய மனைவி, மகன், மகள்கள் எல்லோருக்கும் சமபங்கு. மாமியார், உங்கள் கணவர், இரண்டு நாத்தனார்கள் ஆகிய நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. கல்யாணம் ஆனதால் பெண்ணின் பங்கு குறைவதில்லை. குடும்பம் குடியிருக்கிற வீட்டைப் பெண் வாரிசுகள் பிரித்துக் கேட்கக் கூடாது என்று 23-ஆம் பிரிவு ஒன்று முன்பு இருந்தது. 2005 திருத்தத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள்.

"எல்லாம் பாசமான குடும்பம், யாரும் கேட்கமாட்டார்கள்." இருக்கலாம். ஓட்டு வீடாக இருக்கும்வரை யாரும் கேட்கமாட்டார்கள் என்பதும் நான் பார்த்ததுதான். டைல்ஸ் போட்டு, முகப்பில் எல்.இ.டி. விளக்கு மாட்டி, கிரகப்பிரவேசத்துக்கு ஊரைக் கூட்டிய பிறகு பேச்சு மாறும். சில சமயம் கேட்பது நாத்தனார் இல்லை, நாத்தனாரின் மருமகன்.

உங்களுக்கு அந்த மண்ணில் என்ன உரிமை என்று கேட்டால், இன்றைய தேதியில் ஒன்றுமில்லை. கடன் உங்கள் பெயரில், நகை உங்களுடையது, சேமிப்பில் பெரும்பகுதி உங்கள் சம்பளம். மண் நான்கு பேருடையது, அந்த நால்வரில் நீங்கள் இல்லை. பேசக் கூடாததைப் பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாளைக்கு உங்கள் கணவருக்கு ஒன்று ஆகிவிட்டால் அவருடைய கால் பங்கு அவர் அம்மாவுக்கும் உங்களுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் நாலாகப் பிரியும். அதாவது 25 லட்சம் போட்ட உங்களுக்குச் சட்டப்படி பதினாறில் ஒரு பங்கு. பாகப்பிரிவினை வழக்கு வந்தால், கட்டடத்துக்குச் செலவு செய்தவர் யார் என்பதை நீதிமன்றம் கணக்கில் எடுக்கலாம், ஈடு தரச் சொல்லலாம். அது நடக்கும் என்ற உறுதி கிடையாது. நடந்தாலும் பல வருடம் அலைந்த பிறகு. அதுவரை உங்கள் லோன் தவணை நிற்காது.

பட்டா பற்றியும் ஒரு வார்த்தை. பட்டா மாமனார் பெயரில் இருப்பதால் 'வீடு நம்முடையது' என்கிறீர்கள். பட்டா வருவாய்த் துறையின் பதிவு. அனுபவத்துக்கு நல்ல சாட்சி, ஆனால் அதுவே கிரயப் பத்திரம் ஆகிவிடாது. அப்புறம், வில்லங்கம் போட்டுப் பார்த்தோம், ஒன்றும் இல்லை என்கிறீர்கள். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டும்தான் வரும். ஒருவர் இறந்துபோனதும், அவருக்கு நான்கு வாரிசுகள் இருப்பதும் அதில் தெரியாது. வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது என்றால் அந்த இடத்தில் யாரும் இதுவரை பத்திரம் போடவில்லை என்றுதான் அர்த்தம்.

இவ்வளவு பயமுறுத்திவிட்டு நல்ல செய்தியும் சொல்கிறேன். உங்கள் விஷயத்தில் இது தீர்க்கக்கூடிய சிக்கல். உங்கள் ஊரில் சென்ட் ஒன்றரை லட்சம் போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஐந்து சென்ட் ஏழரை லட்சம். இரண்டு நாத்தனார்களின் பங்கும் சேர்த்து மூன்றே முக்கால் லட்சம். இதுதான் நீங்கள் இலவசம் என்று நினைத்த மண்ணின் விலையில் பாதி. அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் சந்தோஷம். ஆனால் 'வேண்டாம்' என்பது சாப்பாட்டு இலையின் முன் சொன்னதாக இல்லாமல், சார்பதிவாளர் முன் கையெழுத்துப் போட்ட விடுதலைப் பத்திரமாக இருக்கவேண்டும். குடும்பத்துக்குள் எழுதுகிற விடுதலை, செட்டில்மென்ட், பாகப்பிரிவினைப் பத்திரங்களுக்குத் தமிழ்நாட்டில் சலுகை உண்டு. முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம், அதிகபட்சம் 10,000. உங்கள் இடத்தின் மதிப்புக்குச் சில ஆயிரங்களில் முடிந்துவிடும்.

இந்தச் சலுகை கணவன்-மனைவி, பெற்றோர்-பிள்ளை, உடன்பிறந்தோர் போன்ற நெருங்கிய உறவுகளுக்கு இடையில்தான். ஆகவே நாத்தனார்கள் நேராக உங்கள் பெயருக்கு எழுதவேண்டாம். முதலில் உங்கள் கணவர் பெயருக்கு விடுதலை, பிறகு அவர் அதில் பாதியை உங்களுக்கு செட்டில்மென்ட். கடன் உங்கள் தலையில் என்றால் மண்ணில் பாதியாவது உங்கள் பெயரில் இருப்பது நியாயம். இதைக் கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். என்னைக் காரணம் காட்டுங்கள். "வக்கீல் சொன்னாங்க" என்றால் நிறைய வீடுகளில் பேச்சு சுலபமாகிறது.

மாமியாரின் பங்கைப் பொறுத்தவரை ஒரு நிபந்தனை. அவரிடம் கையெழுத்து வாங்குவதாக இருந்தால், ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை அவருக்கு உண்டு என்று பத்திரத்திலேயே எழுதுங்கள். பார்த்துக்கொள்வோம் என்று சொல்லி எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்டால் பத்திரத்தையே ரத்து செய்ய 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தில் வழி இருக்கிறது. உங்களைப் பற்றி அப்படி நினைத்துச் சொல்லவில்லை. அவர் பக்கம் யாரும் கடிதம் எழுதவில்லையே, அதனால் நானே பேசுகிறேன்.

வாடகை கொடுப்பது வீண்தானா?

பெரும்பாக்கம் ஃபிளாட்டுக்கு வருவோம். 72 லட்சத்தில் நீங்கள் 14 லட்சம் புரட்டி, 58 லட்சம் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். எட்டரை சதவீதம், இருபது வருடம். தவணை 50,300 ரூபாய். அதில் முதல் மாதம் வட்டிக்கு மட்டும் போவது 41,000. நீங்கள் 'வீண்' என்கிற வாடகை 21,000. இந்த 41,000 பாங்குக்குக் கொடுக்கிற வாடகை இல்லாமல் வேறென்ன? தவிர பத்திரச் செலவு, பராமரிப்பு, கட்டுமானத்தில் இருக்கும்போதே வாங்கினால் ஜி.எஸ்.டி. நீங்கள் புதிய வரிமுறையில் இருந்தால் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு வரிக் கழிவும் கிடையாது. பழைய முறையில்தான் வருடத்துக்கு 2 லட்சம் வரை.

உங்கள் இருவர் சம்பளமும் சேர்த்து 1,12,000. அதில் 50,300 தவணை என்றால் நூற்றுக்கு நாற்பத்தைந்து. ஒருவர் வேலை ஆறு மாதம் நின்றாலும் தாங்காது. சென்னையில் ஃபிளாட்டே வாங்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கையில் முன்பணம் இன்னும் கொஞ்சம் சேர்ந்த பிறகு வாங்குங்கள் என்பேன். பெரும்பாக்கமும் மேடவாக்கமும் 2015-இலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எப்படி மூழ்கின என்பது அங்கேயே குடியிருக்கும் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வாங்குவதாக இருந்தால், மழை விட்ட மறுநாள் அந்தத் தெருவில் போய் நின்று பாருங்கள். ரெரா (கட்டுமான, மனைத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவு எண் கேளுங்கள். பத்து சதவீதத்துக்கு மேல் பணம் கேட்டால், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் கொடுக்காதீர்கள். பில்டர் அதற்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம்.

(ஊர் மட்டும் பத்திரம் என்றும் நினைக்கவேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் உங்கள் கணவர் ஊர்ப் பக்கம் என்ன செய்தது என்று மாமியாரைக் கேளுங்கள். எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் இருந்தார்கள் என்று சொல்வார். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவருக்கு அது முக்கியம்.)

ஹவுஸ் ஓனர் விஷயம். '11 மாத ஒப்பந்தம், அதனால் பதிவு வேண்டாம்' என்று அவர் சொன்னதை நம்பியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, எத்தனை மாதமானாலும் குடித்தன ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவேண்டும். வாடகைக்கு உச்சவரம்பு எதுவும் அந்தச் சட்டத்தில் இல்லை. 24,000 கேட்பது அவர் உரிமை, பேரம் பேசுவது உங்கள் உரிமை. ஆனால் நீங்கள் மறுத்தால் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்த அவருக்கு உரிமை இல்லை. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் சொன்னாலும், 'வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்று ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. நீங்கள் 1,50,000-க்குக் கையெழுத்துப் போட்டிருப்பதால் இப்போது அதில் சண்டை போட முடியாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போகத் திருப்பித் தரவேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். என் யோசனை, 22,500-க்குப் பேசி, இரண்டு வருடத்துக்கு எழுதிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நடுவில் நீங்கள் காலி செய்ய இரண்டு மாத நோட்டீஸ் போதும் என்று ஒரு வரியும் சேருங்கள்.

பைபாஸ் மனை

கடிதத்தின் ஓரத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள். பைபாஸ் பக்கம் 'பஞ்சாயத்து அப்ரூவ்டு' மனை, 6 லட்சம், நத்தம் தகராறே வேண்டாம், இதை வாங்கி வீடு கட்டலாம் என்று புரோக்கர் சொல்கிறாராம். மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கிற அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்கு இல்லை. டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் இல்லாத மனையை 2016 அக்டோபர் 20-க்கு முன்பே மனையாக விற்றுப் பதிவு செய்திருந்தால் ஒழிய, இப்போது பத்திரமே பதிவாகாது. ஒப்புதல் எண்ணும் ரெரா எண்ணும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அந்தப் புரோக்கர் எத்தனை முறை உங்களைக் கூப்பிடுகிறார் என்று பாருங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால்

உங்கள் கடிதத்தை இரண்டாவது முறை படித்தபோதுதான் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது. "ஐப்பசி மழையில் அத்தை கொல்லையில் இருக்கும் பாத்ரூமுக்குப் போகும்போது வழுக்கி விழுந்துவிட்டார், அதிலிருந்து இவருக்கு மனசே சரியில்லை." உங்கள் கணவர் வாடகை உயர்வுக்காக ஊருக்குப் போக நினைக்கிறாரா, அம்மாவுக்காகவா? இரண்டாவது என்றால் அதற்கு 25 லட்சம் தேவையில்லை. அம்மா படுக்கும் அறையை ஒட்டி ஒரு வெஸ்டர்ன் டாய்லெட், பிடித்துக்கொள்ளக் கம்பி, வழுக்காத தரை, ஒழுகுகிற இடத்தில் ஓடு மாற்றல். ஒன்றரை லட்சத்துக்குள் செய்யலாம். இதைப் பொங்கலுக்கு முன் செய்துவிடுங்கள். மற்றதற்கெல்லாம் நேரம் இருக்கிறது.

மற்றது என்றால், அந்த ஊர் வாழ்க்கையை ஒரு தடவை வாழ்ந்து பார்ப்பது. ஏப்ரல், மே முழுவதும் பிள்ளைகளோடு அங்கே இருந்து வேலை பாருங்கள். மதியம் மூன்று மணி மீட்டிங்கில் நெட் எப்படி இருக்கிறது, காய்ச்சல் என்றால் எத்தனை மணிக்கு எந்த டாக்டர், உங்கள் கணவர் இரண்டு மாதம் என்ன செய்கிறார் என்பதெல்லாம் அப்போது தெரியும். அதற்குப் பிறகும் போகலாம் என்று தோன்றினால், மன்னார்குடி டவுனிலேயே 8,000 ரூபாய்க்கு வீடு கிடைக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அதை ஒரு வருடத்துக்கு எடுங்கள். மாமியாரையும் அங்கே கூட்டிவந்துவிடலாம். வாடகை சென்னையில் மூன்றில் ஒரு பங்கு, பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் பக்கம். கிராமமா நகரமா என்ற இரண்டுக்கும் நடுவில் சின்ன டவுன் என்று ஒன்று இருப்பது நிறையப் பேர் கணக்கில் வருவதே இல்லை.

ஏன் இவ்வளவு தயங்கச் சொல்கிறேன் என்றால், ஊரில் கட்டிய வீட்டிலிருந்து திரும்பி வருவது கஷ்டம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியக் கிராமங்களில் 100 குடும்பங்களில் 95 போல சொந்த வீட்டில் இருந்தன, நகரங்களில் 69. எல்லோருக்கும் வீடு இருக்கிற ஊரில் உங்கள் வீட்டுக்கு வாடகைக்கு யார் வருவார்? விற்கலாம் என்றாலும் வாங்க ஆள் குறைவு. மேடவாக்கத்தில் வாடகை வீட்டை விட்டுப் போக இரண்டு மாதம் போதும். 25 லட்சம் போட்டுக் கட்டியதைப் பூட்டிவிட்டு வந்தால் அது பூட்டியே கிடக்கும். டெல்டாவில் எத்தனை தெருக்களில் அப்படி வீடுகள் இருக்கின்றன என்று உங்கள் கணவருக்கே தெரியும்.

பள்ளிக்கூடம் பற்றி ஒன்று. அரசுப் பள்ளிக்கு மாற்றினால் மகளுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்கும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒதுக்கீட்டுக்கு ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்கவேண்டும். மகள் ஆறாவதைத் தனியார் பள்ளியில் முடிக்கப்போகிறாள். மகனுக்கு வேண்டுமானால் அந்தக் கணக்கு பொருந்தலாம். அவன் இப்போதுதான் ஒன்றாவது.

சரி, கட்டுவது என்றே முடிவானால் வரிசை இது. வாரிசுச் சான்று, நால்வர் பெயரிலும் கூட்டுப் பட்டா, விடுதலைப் பத்திரங்கள், உங்கள் பெயருக்குப் பாதி. அதற்குப் பிறகு மறுபடி பாங்க். தெளிவான பத்திரமும் பட்டாவும் வீட்டு வரி ரசீதும் இருந்தால் நத்தத்துக்கும் கடன் தருகிற கிளைகள் உண்டு. ஒரு கிளை மறுத்தால் இன்னொன்றில் கேளுங்கள். 12 லட்சமே வீட்டுக் கடனாக எட்டரை சதவீதத்தில் பதினைந்து வருடத்துக்குக் கிடைத்தால் தவணை 11,800. பர்சனல் லோனின் 27,300-ஐ இதோடு வைத்துப் பாருங்கள், பேப்பர் வேலைக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்று புரியும். கட்டட அனுமதிக்கு முன்போல் அலையவேண்டியதில்லை. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட, 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம். உங்கள் ஐந்து சென்ட் 2,178 சதுர அடி, அதற்குள் வந்துவிடும்.

பேச்சை யார் எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கணவர்தான் எடுக்கவேண்டும், நீங்கள் இல்லை. அக்காவிடமும் தங்கையிடமும் தனித்தனியாக, பத்திரம் என்ற சொல்லுக்கு முன்னால் அம்மா விழுந்ததையும் பாத்ரூம் கட்டப்போவதையும் சொல்லி ஆரம்பிக்கட்டும். மூத்த நாத்தனார் தை மாதம் சிங்கப்பூரிலிருந்து வருகிறார் என்றீர்கள். அது நல்லது. அவர் அங்கிருந்தபடி கையெழுத்துப் போடுவதென்றால் தூதரகத்தில் பவர் (தனக்குப் பதில் வேறொருவர் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதி, அதை இங்கே அனுப்பி, முத்திரையிட்டு என்று நீளும். நேரில் வந்தால் ஒரு காலையில் முடிந்துவிடும். வாரிசுச் சான்றுக்கு இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். பொங்கலை ஒட்டி அலுவலகங்களுக்குத் தொடர்ந்து விடுமுறை வரும், ஆகவே சார்பதிவாளர் அலுவலக டோக்கனை அவர் ஊருக்குத் திரும்பும் தேதிக்கு நான்கு நாளாவது முன்னதாகப் பார்த்துப் போடுங்கள். ஆதாரும் இரண்டு சாட்சிகளும் மறக்கவேண்டாம்.